குடலின் வேலையை யார் பார்ப்பது? பச்சிளம் குழந்தைகளுக்கு நரம்பு வழியே போகும் உணவு

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு கிலோ எடையுள்ள குழந்தை இன்குபேட்டருக்குள் படுத்திருக்கிறது. பக்கத்துக் கம்பத்தில் இரண்டு பம்புகள். ஒன்றில் தெளிந்த, லேசாக மஞ்சள் படிந்த திரவம். இன்னொன்றில் பால் போல வெள்ளையாக ஏதோ இருக்கிறது. இரண்டு குழாய்களும் ஓரிடத்தில் சேர்ந்து, தையல் நூல் அளவுக்கே கனமுள்ள ஒரு குழாய் வழியாகக் குழந்தையின் உடம்புக்குள் போகின்றன. வெளியே காத்திருக்கும் உறவினர்களைக் கேட்டால் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்பார்கள்.

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே போவது ஒரு முழுச் சாப்பாடு. சர்க்கரை, புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்கள், கொழுப்பு, உப்புகள், கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின்கள், துத்தநாகம், செலினியம் போன்ற நுண்தாதுக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வாய், வயிறு, குடல் எதையும் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கின்றன. மருத்துவமனைகளில் இதை டிபிஎன் (Total Parenteral Nutrition, அதாவது குடலைத் தொடாமல் கொடுக்கும் முழு உணவு) என்று சொல்வார்கள். பேச்சில் 'நரம்பு' என்கிறோமே, அது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பழகிய சொல் என்பதால் நானும் நரம்பு என்றே சொல்லிப் போகிறேன்.

இந்தச் சிகிச்சையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். குடல் உணவை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. எதை உள்ளே விடலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வாசல்காரன் அது. உடம்பில் இரும்பு குறைவாக இருந்தால் கூடுதலாக உள்ளே விடும், போதுமான அளவு இருந்தால் கதவைச் சாத்திவிடும். மாங்கனீசை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் எவ்வளவு இருந்தாலும் நூற்றில் சில பங்கைத்தான் குடல் அனுமதிக்கிறது. அதையே நரம்பில் செலுத்தினால் நூற்றுக்கு நூறும் ரத்தத்தில் கலந்துவிடும். பித்தத்தோடு அது வெளியேற வேண்டும். ஈரல் மந்தமாகிப் பித்தம் தேங்கினால் மாங்கனீசு வெளியேற வழியில்லாமல் மூளையின் ஆழத்தில் போய்ப் படிகிறது. நீண்டகாலம் டிபிஎன்னில் இருந்தவர்களின் எம்ஆர்ஐ படங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

வாசல்காரனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால், அவன் பார்த்த வேலையை வேறு யாராவது பார்த்தாக வேண்டும். எவ்வளவு, எப்போது, எந்த வேகத்தில், எதனோடு எது என்பதையெல்லாம் மனிதர்கள் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். டிபிஎன்னின் கஷ்டமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதன் வரலாறு முழுக்கவும் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்ட கதைதான்.

ஒரு கிலோ உடம்பின் கணக்கு

முதலில், இது யாருக்கு வேண்டும்? குடல் பிளந்தோ அடைபட்டோ பிறந்த குழந்தைகள், வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே வந்த நிலையில் பிறந்தவர்கள், குடல் அழுகிப் போய் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்களை விட எண்ணிக்கையில் மிக அதிகம் குறைமாதக் குழந்தைகள். அவர்களுடைய குடலில் பழுது எதுவும் இல்லை, இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்று வேலையையும் ஒருங்கிணைக்கும் திறமை ஏறத்தாழ 34 வாரத்தில்தான் வருகிறது. சிறுகுடலே கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் இரட்டிப்பு நீளத்துக்கு வளர்கிறது. 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அன்றே வயிறு நிறையப் பால் கொடுத்தால் அந்தக் குடல் தாங்காது.

சரி, பால் தாங்கும் வரை குளுக்கோஸ் மட்டும் ஏற்றி ஓட்டினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் நாள் ஒரு கிலோ குழந்தைக்கு 10 சதவீத குளுக்கோஸ் 80 மி.லி. கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 8 கிராம் சர்க்கரை. கிராமுக்கு 3.4 கலோரி வீதம் 27 கலோரி. சும்மா படுத்து உயிரோடு இருப்பதற்கே அந்தக் குழந்தைக்கு 45 முதல் 55 கலோரி வரை வேண்டும். மீதி எங்கிருந்து வரும்? பெரியவர்களுக்கு உடம்பில் கொழுப்பு இருக்கிறது, பத்து நாள் பட்டினியையும் சமாளிப்பார்கள். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் கொழுப்பு என்பது எடையில் நூற்றில் ஒன்றோ இரண்டோதான். தன் சேமிப்பை மட்டும் வைத்து அது நான்கைந்து நாள்கூடத் தாண்டுவது கடினம்.

அதைவிட முக்கியமானது புரதம். குளுக்கோஸில் புரதம் துளியும் கிடையாது. அதை மட்டும் ஏற்றினால் மிகச் சிறிய குழந்தை ஒவ்வொரு நாளும் தன் உடம்பின் புரதத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இழக்கிறது. அதே நாட்களில், வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால், நஞ்சுக்கொடி அதற்கு அமினோ அமிலங்களை வாரி வழங்கிக்கொண்டிருக்கும். அந்த வயதில் கரு தினமும் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை எடை கூடும். மூளை மடிப்பு மடிப்பாக வளரும் காலமும் அதுதான். தொப்புள்கொடியை வெட்டிய நிமிடத்தில் அந்த வரத்து நின்றுபோகிறது. அதனால்தான் இன்றைய வழிகாட்டு நெறிகள் முதல் நாளிலேயே அமினோ அமிலத்தைத் தொடங்கச் சொல்கின்றன. ஐரோப்பியக் குழந்தை மருத்துவச் சங்கங்களின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி முதல் நாள் கிலோவுக்குக் குறைந்தது 1.5 கிராம், இரண்டாம் நாளிலிருந்து 2.5 முதல் 3.5 கிராம். பிரிட்டனில் 2020இல் வந்த நெறிமுறை, 31 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், கூடிப்போனால் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறது.

ஒரு வாரம் கழித்து அதே குழந்தையின் ஒரு நாள் சாப்பாடு ஏறத்தாழ இப்படி இருக்கும்: மொத்தத் திரவம் 140 மி.லி. குளுக்கோஸ் 13 கிராம், அதில் 44 கலோரி. அமினோ அமிலம் 3.5 கிராம், 14 கலோரி. 20 சதவீதக் கொழுப்புப் பால்மம் (எண்ணெயை நுண்துளிகளாக நீரில் கலந்த அந்த வெள்ளைத் திரவம்) 17.5 மி.லி., அதாவது 3.5 கிராம் கொழுப்பு, 35 கலோரி. கூட்டினால் 93. வளர்வதற்குத் தேவையான 90 முதல் 120 கலோரி என்ற எல்லைக்குள் இப்போதுதான் கால் வைத்திருக்கிறோம். ஒரு சின்னத் தேநீர்க் கோப்பையில் அடங்கும் நீரில் இத்தனையும் அடங்க வேண்டும். கூடவே கொடுக்கும் ஆன்டிபயாடிக், குழாயைக் கழுவும் உப்புநீர் எல்லாம் அந்த 140 மி.லி.யிலிருந்தே இடம் பிடிக்கும்.

இதில் குளுக்கோஸை மட்டும் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஒரு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 12 மில்லிகிராமைத் தாண்டினால் உடம்பு அதை எரிக்க முடியாமல் கொழுப்பாக மாற்றி ஈரலில் அடைக்கத் தொடங்கும். நாம் போட்ட கணக்கில் அது 9 மில்லிகிராம். இதனால்தான் கொழுப்பு வேண்டும். சின்ன அளவு நீரில் அதிகக் கலோரி, நரம்பை எரிக்காத தன்மை, மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்தே கிடைக்கின்றன.

இல்லாதபோது தெரிந்தவை

நரம்பு வழியே ஒரு குழந்தைக்கு முழு உணவு கொடுக்க முடியும் என்று முதலில் காட்டியது 1944இல். அமெரிக்காவில் எலும்பும் தோலுமாகிப்போன ஐந்து மாதக் குழந்தை ஒன்றுக்கு ஹெல்ஃப்ரிக், ஏபல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் குளுக்கோஸ், பால் புரதத்தை உடைத்த கரைசல், ஆலிவ் எண்ணெய்க் கலவை ஆகியவற்றை ஐந்து நாள் கொடுத்தார்கள். குழந்தை தேறியது. ஆனால் இதைப் பல வாரங்களுக்கு நீட்டிக்க வழியில்லை. அடர்த்தியான கரைசல் கை நரம்பைப் புண்ணாக்கிவிடும். நம்பகமான கொழுப்புப் பால்மமும் கிடையாது. சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயையும் முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடையும் சேர்த்து 1960களின் தொடக்கத்தில் ஒரு பால்மத்தைச் செய்து முடித்தபோது அந்தக் குறை தீர்ந்தது. இன்றைக்கும் பம்பில் ஓடும் வெள்ளைத் திரவத்தின் மூதாதை அதுதான்.

அடுத்த பெரிய அடி பிலடெல்பியாவில். ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர், ஜொனாதன் ரோட்ஸ் ஆகியோர் பீகிள் நாய்க்குட்டிகளைப் பல மாதங்கள் நரம்பு வழி உணவிலேயே வளர்த்துக் காட்டினார்கள். இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரையில் குழாயின் நுனியை வைத்ததுதான் அவர்கள் கண்ட வழி. அங்கே ரத்தம் வேகமாகப் பாய்வதால் அடர்த்தியான கரைசல்கூட நொடியில் நீர்த்துப்போகும். 1967இல், சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதும் இல்லாமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அதையே செய்தார்கள். வாய் வழியே எதுவும் போகாமல் அந்தக் குழந்தை எடை கூடியது, நீளம் கூடியது, தலை வளர்ந்தது. ஏறத்தாழ 22 மாதம் வாழ்ந்தது. குடல் இல்லாமல் ஒரு குழந்தை வளர முடியும் என்று உலகம் அறிந்தது அந்தக் குழந்தையால்தான்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நடந்ததை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனசு கனத்துப்போகிறது. டிபிஎன் பையில் எது விடுபட்டிருக்கிறது என்பதை, அது இல்லாமல் ஒருவருக்கு நோய் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு சேர்க்காத பையில் இருந்தவர்களுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது. அவசியமான கொழுப்பு அமிலம் இல்லை என்று தெரிந்தது. வாயையும் ஆசனவாயையும் சுற்றிச் சிவந்த புண்கள் வந்தன. துத்தநாகம் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தது. ரத்தசோகையும் எலும்பு முறிவும் தாமிரக் குறையைக் காட்டின. முடி உதிர்ந்து தோல் வெடித்த ஒரு குழந்தை பயோட்டின் என்ற வைட்டமினைச் சேர்க்க வைத்தது. சாப்பாட்டிலும் குடல் கிருமிகளிடமிருந்தும் நமக்குத் தெரியாமலே கிடைத்துக்கொண்டிருந்தவை இவை. இன்று பையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு நோயாளி இருக்கிறார்.

இது முடிந்துபோன கதையும் இல்லை. 1997இல் அமெரிக்காவில் ஊசி வைட்டமின் கலவைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தயமின் (வைட்டமின் பி1) இல்லாமல் டிபிஎன் கிடைத்தவர்களின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். அது இல்லாமல் குளுக்கோஸை ஊற்றினால் அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும், எரியாது. 2012, 2013 வாக்கில் அங்கேயே துத்தநாக ஊசி கிடைக்காமல் போனபோது, குறைமாதக் குழந்தைகளின் தோலில் அந்தப் பழைய புண்கள் மறுபடியும் வந்தன. சத்துக்குறை நோய் என்றால் வறுமையோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். அதி நவீன மருத்துவமனையின் நடுவிலும் ஒரு குப்பி கிடைக்காமல் போனால் அது வந்து நிற்கும்.

அமினோ அமிலக் கரைசலும் இப்படிப் பாடுபட்டுத்தான் திருந்தியது. ஆரம்பத்தில் பால் புரதத்தை உடைத்து எடுத்த கரைசல்கள்தான் இருந்தன. அவற்றால் குழந்தைகளுக்கு ரத்தத்தில் அமோனியா ஏறியது. பிறகு தனித்தனி அமினோ அமிலங்களைக் கலந்து செய்தார்கள். பெரியவர்களுக்கான கலவை குழந்தைக்குப் பொருந்தாது என்பது அப்போது புரிந்தது. பெரியவர்களின் ஈரல் தானே செய்துகொள்ளும் சிஸ்டீன், டைரோசின், டாரின் போன்றவற்றைக் குறைமாதக் குழந்தையால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. எனவே குழந்தைகளுக்கென்றே தனிக் கலவைகள் வந்தன. ஒரு கலவை தாய்ப்பாலில் உள்ள விகிதத்தைப் பின்பற்றுகிறது, இன்னொன்று தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள விகிதத்தை, மற்றொன்று தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் ரத்தத்தில் உள்ள விகிதத்தை. மூன்றுமே தாயிடமிருந்து வந்ததைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன.

ஆங்காங்கே இன்றும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். அமினோ அமிலம் தாராளமாகக் கிடைத்ததும் செல்கள் புதிதாகக் கட்டத் தொடங்குகின்றன. கட்டுவதற்குப் பாஸ்பரஸும் பொட்டாசியமும் வேண்டும், அவற்றை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் பாஸ்பரஸ் சரியும். உடம்பு எலும்பைக் கரைத்துப் பாஸ்பரஸை எடுக்கும். எலும்போடு சேர்ந்து கால்சியமும் வெளியே வரும். இப்போது பரிசோதனைத் தாளில் கால்சியம் அதிகம் என்று காட்டும். அதைப் பார்த்து "கால்சியத்தைக் குறைத்துவிடலாம்" என்று யாராவது முடிவு செய்தால் எலும்பு இன்னும் கரையும். அங்கே செய்ய வேண்டியது பாஸ்பரஸைக் கூட்டுவது. வயிற்றில் சரியாக வளராமல் எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் இது முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. குடலும் நஞ்சுக்கொடியும் ஒரு தாளும் பேனாவும் இல்லாமல் சரிசெய்துகொண்டிருந்தவை இவை.

பையைக் கலக்கும் மேசை

கிருமி நீக்கிய அறை. வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் மேசைக்கு முன்னால் மருந்தாளுநர் கையுறை, முகமூடி, மேலங்கியோடு உட்கார்ந்திருக்கிறார். குளுக்கோஸ், அமினோ அமிலம், அப்புறம் பாஸ்பேட். கால்சியத்தைக் கடைசிப் பக்கம்தான் சேர்ப்பார். சேர்க்கும்போது பையை மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பார். முடித்ததும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுப்புப் பின்னணியில் ஒரு தடவை, வெள்ளைப் பின்னணியில் ஒரு தடவை பார்ப்பார். எதைத் தேடுகிறார்? மெல்லிய புகை போல ஒரு கலங்கலை.

கால்சியமும் பாஸ்பேட்டும் தாறுமாறாகச் சந்தித்தால் சுண்ணாம்பு மாதிரித் திரிந்து மணல் போலப் படியும். அந்தத் துகள் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். 1994இல் இதனால் நேர்ந்த மரணங்களைத் தொடர்ந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. குறைமாதக் குழந்தைக்கோ எலும்பு கெட்டியாக இரண்டுமே நிறைய வேண்டும், நீரோ கொஞ்சம்தான். ஆகவே எளிதில் திரியாத கரிமப் பாஸ்பேட் உப்புகளையும் கால்சியம் குளுக்கோனேட்டையும் பயன்படுத்துகிறார்கள். குழாயின் வழியில் வடிகட்டி ஒன்றையும் வைக்கிறார்கள். தெளிந்த கரைசலுக்கு 0.22 மைக்ரான், கொழுப்புக்கு அதன் துளிகள் தாண்டிப் போகும்படி 1.2 மைக்ரான். இதே காரணத்துக்காகத்தான் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்சியம் உள்ள திரவம் ஓடும் பச்சிளம் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

கால்சியம் குளுக்கோனேட் வரும் கண்ணாடிக் குப்பியிலிருந்தே அலுமினியம் கசிந்து கரைசலில் கலக்கிறது. வாய் வழியே வந்தால் குடல் அதை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். 1997இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அலுமினியம் குறைக்கப்பட்ட கரைசல் கிடைத்த குறைமாதக் குழந்தைகளின் மனவளர்ச்சி 18 மாத வயதில் மேலாக இருந்தது. குப்பி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பது ஒரு குழந்தையின் அறிவு வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது என்று யார்தான் யோசித்திருப்பார்கள்?

பைக்கும் குழாய்க்கும் கறுப்பு அல்லது ஆரஞ்சு உறை போட்டிருப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் கொழுப்பும் வைட்டமினும் சிதைந்து பெராக்சைடுகள் என்ற கெடுதலான பொருள்கள் உண்டாகும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பையிலிருந்து உடம்பு வரை வெளிச்சம் படாமல் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் சொன்னது. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு போட்டிருக்கும் குழந்தைக்கு இது இன்னும் முக்கியம்.

அப்புறம் பம்ப். நம்முடைய ஒரு கிலோ குழந்தைக்குத் தெளிந்த கரைசல் மணிக்கு ஏறத்தாழ 5.1 மி.லி., கொழுப்பு 0.7 மி.லி. இரண்டு பம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பார்க்க ஒரே மாதிரி. இரவு இரண்டு மணிக்கு வேகங்களை மாற்றிப் போட்டுவிட்டால், ஒரு முழு நாளுக்கான கொழுப்பு மூன்றரை மணி நேரத்தில் குழந்தைக்குள் போய்விடும். உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகளில் நடந்திருக்கும் தவறு இது. எனவேதான் இரண்டு செவிலியர்கள் சேர்ந்து, எண்ணை வாய்விட்டுப் படித்து, குழாயைப் பையிலிருந்து குழந்தை வரை விரலால் தொட்டுப் பின்தொடர்ந்து சரிபார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது பெரிய உதவி.

குழாயின் நுனி எங்கே

பிறந்த முதல் சில நாட்களுக்கு ஒரு அருமையான வழி திறந்திருக்கிறது. தொப்புள்கொடியின் சிரை. வயிற்றுக்குள் இருந்தவரை உணவு வந்த அதே பாதை. வெட்டிய தண்டில் அது வாய் திறந்து தெரியும், குழாயை அதற்குள் விடலாம். ஒரு வாரம் போல ஆனதும் அதை எடுத்துவிட்டு, கையிலோ காலிலோ நுழைத்துப் பெரிய சிரை வரை தள்ளும் மெல்லிய நீண்ட குழாயைப் போடுகிறார்கள். கை நரம்பில் போடும் சாதாரண ஊசி வழியாகவும் டிபிஎன் கொடுக்கலாம், ஆனால் கரைசலின் அடர்த்தி லிட்டருக்கு 900 மில்லிஆஸ்மோலைத் தாண்டக் கூடாது. நம் ரத்தம் 300க்குப் பக்கத்தில். நரம்பு கசிந்தால் கால்சியம் உள்ள கரைசல் தோலையே வெந்துபோக வைக்கும்.

நீண்ட குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இதயத்துக்கு வெளியே, பெரிய சிரையில் இருக்க வேண்டும். உள்ளே போய் இதயச் சுவரை உரசிக்கொண்டிருந்தால், அரிதாகச் சுவர் அரிக்கப்பட்டு உணவு இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்கும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மூர்ச்சையாகும். ஊசி போட்டு உறிஞ்சினால் பால் போல வெள்ளைத் திரவம் வரும். அந்த நேரத்தில் யாருக்காவது இது நினைவுக்கு வந்தால் குழந்தை பிழைக்கும்.

தொற்றுதான் தினசரிப் பயம். சர்க்கரையும் கொழுப்பும் கலந்த திரவம் குழந்தைக்கு எவ்வளவு நல்ல உணவோ, கிருமிக்கும் அவ்வளவு நல்ல உணவு. மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பு இல்லாமல் வளரவே தெரியாது, அது கொழுப்பு ஓடும் குழாயைத் தேடி வரும். குழாயின் இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆல்கஹாலில் தேய்த்துக் காயவிடும் அந்த அரை நிமிடத்தை எந்த விலையுயர்ந்த மருந்தும் ஈடுகட்டாது.

ஈரல் பழுதாகும்போது

வாரக்கணக்கில் டிபிஎன்னிலேயே இருக்கும் குழந்தைகள் சிலருக்குக் கண் மஞ்சளாகும், மலம் வெளுக்கும். பித்தம் ஓடாமல் ஈரல் கெடுவதன் அடையாளம். குடலில் எதுவும் போகாததால் பித்தத்தை ஓடச் சொல்லும் ஹார்மோன்கள் சுரப்பதில்லை, திரும்பத் திரும்பத் தொற்று வருகிறது, இவற்றோடு சோயா எண்ணெயில் உள்ள, கொலஸ்ட்ரால் போன்ற தாவர ஸ்டெரால்களும் சேர்கின்றன. வாய் வழியே சாப்பிட்டால் தாவர ஸ்டெராலைக் குடல் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். நரம்பில் போவதைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு குடலின் நீளம் குறைந்துபோன குழந்தைகள் பலர் பட்டினியால் சாகவில்லை, ஈரல் செயலிழந்து இறந்தார்கள்.

2000களின் நடுவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மார்க் புடர், கேத்லீன் குரா ஆகியோர் சோயாவுக்குப் பதிலாக மீன் எண்ணெய்ப் பால்மத்தைக் குறைந்த அளவில், நாளுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சளாகியிருந்த பல குழந்தைகளுக்குப் பித்தம் மறுபடி ஓடத் தொடங்கியது. 2018இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. சோயா, தேங்காய் வகைக் கொழுப்பு, ஆலிவ், மீன் எண்ணெய் நான்கையும் கலந்த பால்மங்களும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. மீன் எண்ணெயின் குணமா, அளவைக் குறைத்ததன் பலனா, இரண்டுமா என்ற விவாதம் நிபுணர்களிடையே இன்னும் உண்டு. என் பார்வையில் இரண்டுக்கும் பங்கு இருக்கிறது.

எல்லாருக்கும் உடனே வேண்டுமா

இதுவரை சொன்னதைப் படித்தால், சாப்பிட முடியாத எந்தக் குழந்தைக்கும் உடனே டிபிஎன் தொடங்க வேண்டும் என்று தோன்றும். பல ஆண்டுகள் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2016இல் ஒரு ஆய்வு அந்த நினைப்பை உலுக்கியது. பெல்ஜியம், நெதர்லாந்து, கனடா நாடுகளில் தீவிர சிகிச்சையில் இருந்த 1,440 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் 24 மணி நேரத்தில் டிபிஎன் தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த வாரத்தில் அவர்களுக்குக் குளுக்கோஸ், வைட்டமின், நுண்தாதுக்கள் போயின, வயிறு தாங்கிய அளவு பாலும் போனது. முடிவு? உடனே தொடங்கியவர்களில் 18.5 சதவீதத்தினருக்குப் புதிதாகத் தொற்று வந்தது, தாமதித்தவர்களில் 10.7 சதவீதத்தினருக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களின் சராசரி 9.2, தாமதித்தவர்களுக்கு 6.5. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் காத்திருந்ததால் கெடுதல் தெரியவில்லை. கடும் நோயின் முதல் நாட்களில் உடம்பு தன் செல்களுக்குள் சேர்ந்த குப்பையைத் தானே தின்று சுத்தம் செய்கிறது, வெளியிலிருந்து கொட்டும் உணவு அந்த வேலையை நிறுத்திவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை மிக அவசியம். அந்த ஆய்வில் குறைமாதக் குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. நிறைமாதத்தில் பிறந்து, கொஞ்சமாவது கொழுப்பு சேர்த்து வைத்திருக்கும் குழந்தைக்குக் காத்திருக்கத் தெம்பு இருக்கிறது. ஒரு கிலோ குழந்தைக்கு அது கிடையாது. "என் அக்கா பையனுக்கு ஒரு வாரம் கொடுக்கவே இல்லையாம், என் குழந்தைக்கு ஏன் முதல் நாளே?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. இரண்டு குழந்தைகளின் சேமிப்பும் ஒன்றல்ல என்பதுதான் பதில். மருத்துவர்கள் இதை உட்கார்ந்து சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் துளிகள்

டிபிஎன் ஓடும்போதே குடலைச் சும்மா விடுவதில்லை. சும்மா கிடக்கும் குடலின் உட்சுவர் மெலிந்துபோகும், காவலும் தளர்ந்துபோகும். எனவே முடிந்தால் முதல் நாளிலேயே சீம்பால், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி. போல, மூக்குக் குழாய் வழியாக. ஒரு வேளைக்கு ஒரு மி.லி. வரும். தாய் பிழிந்து கொண்டுவந்த சிரிஞ்சின் அடியில் ஒட்டியிருக்கும் அளவு. "இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டேன்?" என்று அவர்கள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மி.லி. பசியாற்றுவதற்காகப் போவதில்லை. குடலை எழுப்பி வேலை சொல்லிக்கொடுக்கப் போகிறது.

பிறகு பாலை நாளுக்கு நாள் கூட்டுகிறார்கள், பையைக் குறைக்கிறார்கள். எவ்வளவு வேகமாக? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தினம் கிலோவுக்கு 30 மி.லி. கூட்டியவர்கள் பெரும்பாலும் ஏழு நாளிலும், 18 மி.லி. கூட்டியவர்கள் பத்து நாளிலும் முழுப் பாலுக்கு வந்தார்கள். குடல் அழுகும் நோய் வேகமாகக் கூட்டியதால் அதிகமாகவில்லை. பால் நன்றாக ஏறியதும் நீண்ட குழாயை எடுத்துவிடலாம். ஒரு நாள் முன்னதாக எடுத்தாலும் ஒரு நாள் தொற்றுப் பயம் குறையும்.

எல்லாக் குழந்தைகளும் அப்படி இரண்டு மூன்று வாரத்தில் விடுபடுவதில்லை. குடலின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். வீட்டிலேயே இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பை ஓடும். பகலில் குழாயை மூடிக்கொண்டு குழந்தை விளையாடப் போகும். பெற்றோர் கை கழுவி, இணைப்பைத் தேய்த்து, பம்பை அமைத்து, செவிலியர்களாகவே ஆகிவிடுகிறார்கள். மிஞ்சிய குடல் நீளமும் அகலமும் கூடி மெல்ல ஈடுகொடுக்கும். அதை ஊக்குவிக்கும் டெடுக்ளூடைடு என்ற மருந்துக்கு ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்காக 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இவர்களில் பலருக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது. மாதக்கணக்கில் வாய் வழியே எதுவும் போகாத குழந்தைக்கு வாயில் எதையாவது வைத்தாலே குமட்டும். பசி என்ற உணர்வும் மெல்லுவது என்ற வேலையும் பழக்கத்தில் வருபவை. எனவே பையிலேயே முழு உணவும் போய்க்கொண்டிருக்கும் நாட்களிலும், செவிலியர் ஒரு பஞ்சுக் குச்சியைத் தாயின் பாலில் தொட்டுக் குழந்தையின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவிவிடுகிறார். உதடு குவிகிறது. நாக்கு வெளியே வந்து தேடுகிறது. பெரும்பாலும் அந்தக் குச்சியைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.